வேலையை விடப் போகிறீர்களா? ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போங்கள்

கொழும்பு பெரிய நகரம் போலத் தெரிந்தாலும் வேலை உலகம் சின்னது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரிலிருந்து கோபத்தோடு எழுந்து போனால், அடுத்த மாதம் பம்பலப்பிட்டியில் நேர்முகத்துக்கு உட்காரும்போது எதிரில் இருப்பவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் சேரும்போது இருந்த கவனம் விலகும்போதும் வேண்டும். நியமனக் கடிதத்தில் சொன்ன அறிவித்தல் காலம் முழுவதும் வேலை செய்யுங்கள். அப்புறம், பாதியில் நிற்கும் வேலை எது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நான் விலகியபோது அலமாரிச் சாவிகளுக்குக்கூட ஒவ்வொரு துண்டுக் கடதாசி கட்டி, எது எதற்கென்று எழுதி வைத்தேன். இரண்டு வருடம் கழித்து என்னைப் புது வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அதே மேலாளர்தான்.

சேவைக் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் மாதாமாதம் போயிருக்கிறதா என்று பாருங்கள். சரி, அந்த வேலையில் 5 வருடம் முடியச் சில வாரங்களே இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், விலகும்போது முதலாளி தரும் பணிக்கொடைக்கு அந்த 5 வருடக் கணக்கு முக்கியம்.