பெரிய பகா எண் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். டீ, வர்க்கி, பகா எண். போன வாரம் ஒரு தம்பி, "சார், 2⁶⁷−1 பகா எண்ணுன்னு என் புரோகிராம் சொல்லுது" என்றான். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து. 1 பகா எண் அல்ல என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

2-ஐ வைத்துச் சோதிப்பது

ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுங்கள். அதைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐப் பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். கணித மேதை ஃபெர்மா சொன்னது. சரி, மீதி 1 வந்தால் பகா எண்ணா? இல்லை. 341-க்கும் 1 வரும். அது 11 × 31.

இப்படி ஏமாற்றும் எண்கள் அபூர்வம்தானே என்று நினைத்தேன். மெர்சென் எண்களில், அதாவது 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் எண்களில், அபூர்வமே இல்லை. 2¹¹−1, அதாவது 2047-ஐப் பாருங்கள். 2-ஐ 11 தடவை பெருக்கினால் 2048, மீதி 1. நாம் பெருக்க வேண்டியது 2046 தடவை. அது 11 × 186. பதினொன்று பதினொன்றாகக் கட்டினால் 186 கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் மீதி 1. கடைசியிலும் 1. ஆனால் 2047 = 23 × 89! அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எல்லா மெர்சென் எண்ணுக்கும் இதே கதைதான். 'இல்லை' என்று சொல்லவே தெரியாத சோதனை.

இது புரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க லேப்டாப்பை ஓட்டினேன். எதைப் போட்டாலும் பகா எண். அதிர்ஷ்டம் என்று நோட்டில் எழுதி வேறு வைத்தேன். லேப்டாப் ஃபேன் போச்சு, கரண்ட் பில்லுக்கு வீட்டில் சண்டை. நோட்டில் 2⁶⁷−1-உம் இருந்தது. 1903-லேயே கோல் என்ற கணித ஆசிரியர் அதை 193707721 × 761838257287 என்று பிரித்துவிட்டார். என் சோதனை எப்போதுமே 1 தான் தரும் என்பது காகிதத்தில் இரண்டு நிமிஷம் போட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். அதுதான் இன்னமும் எரிச்சல்.

மெர்சென் எண்களுக்கென்றே உள்ள லூகாஸ்–லெமர் சோதனையைப் பிடியுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை. 127-க்கு (2⁷−1): 4, 14, 67, 42, 111, 0. பூஜ்யம் வந்தால் பகா எண். 2047-க்குக் கடைசியில் 1736, அவ்வளவுதான். 2024-இல் கிடைத்த பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1-க்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அதை முதலில் 3-ஐ வைத்துச் சோதித்தார்கள், 2-ஐ வைத்து அல்ல. அப்புறம் லூகாஸ்–லெமரில் உறுதி செய்தார்கள்.

எக்செல்

15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யத்தை நிரப்பிவிடும். 2⁶¹−1-ஐ அதில் போட்டு "இரட்டைப்படை சார்" என்றவர்கள் உண்டு.

இடையில் சேமிக்காமல் ஓட்டுவது

ஆடிக் காற்றில் கம்பி மேல் மரம் விழுகிற ஊர் இது. வேண்டாம்.