பிள்ளையின் குரல், துணி, கையெழுத்து: பத்திரப்படுத்தும் முறை

பதின்ம வயதுப் பிள்ளையை இழந்த வீட்டில், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் யாராவது ஒருவர் அலமாரியை ஒழிக்க வந்துவிடுவார். கண்ணில் பட்டால் பெற்றவள் அழுவாளே என்ற அக்கறைதான். ஆனால் அன்றைக்குப் போனது திரும்பக் கிடைக்காது. அறையைப் பூட்டி வையுங்கள். உங்களால் பேச முடியாவிட்டால் சித்தப்பாவோ தாய்மாமாவோ சாவியை வைத்துக்கொள்ளட்டும். கீழே சொல்லும் வேலைகளில் பாதியை அவரே செய்துவிடலாம். எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் காப்பாற்ற வேண்டும்.

போன்

போனை அணைக்காதீர்கள், சார்ஜ் இறங்க விடாதீர்கள். தம்பி தங்கையின் கைரேகையையும் பதிந்து வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒருமுறை அணைந்து எழுந்தால் கைரேகை எடுபடாது, பின் நம்பர்தான் கேட்கும். நம்பர் தெரியாமல் ஊகித்துப் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து: ஐபோனில் அதற்கான வசதி இயக்கப்பட்டிருந்தால் பத்தாவது தவறில் எல்லாம் அழிந்துவிடும். நெருங்கிய நண்பர்களைக் கேளுங்கள். அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கடைத்தெருவில் "லாக் எடுத்துத் தர்றோம்" என்றால் பெரும்பாலும் போனை முழுக்கத் துடைத்துப் புதிதாக்கித் தருவது என்றுதான் பொருள். "உள்ளே இருக்கிறது போகுமா?" என்று கேட்காமல் கையில் கொடுக்காதீர்கள்.

சிம் கார்டு பெரும்பாலும் உங்கள் பெயரில்தான் இருக்கும். ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். எண் போனால் ஓடிபி வராது; ஓடிபி வராவிட்டால் மெயிலும் படங்களும் திறக்காது. வாட்ஸப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு 2 வருடம் வரை அவகாசம் உண்டு. இன்ஸ்டாகிராம் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் கோரினால் அதன்பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாது. எனவே படங்களையும் செய்திகளையும் தரவிறக்கிக்கொண்ட பிறகே அந்தக் கோரிக்கையை அனுப்புங்கள்.

இனி குரல். பிள்ளை உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் போனிலேயே இருக்கின்றன. "அம்மா, இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ், லேட்டாகும்" என்ற எட்டு நொடிதான் பின்னாளில் வீட்டிலேயே விலைமதிப்பற்ற பொருளாகும். அந்த உரையாடலில் 'மறையும் செய்திகள்' வசதி இயங்கினால், இப்போது நிறுத்தினாலும் ஏற்கெனவே வந்த செய்திகள் உரிய நாளில் மறைந்துவிடும்; அவற்றை முதலில் நகலெடுங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, வாட்ஸப்பின் மீடியா ஃபோல்டருக்குள் இருக்கும் 'வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஆண்டு, மாதம், தேதி இருக்கும். பெயரை மாற்றினால் எந்த நாள் பேசியது என்பது தெரியாமல் போகும். வாட்ஸப் குரல் செய்திகள் சேமிக்கப்படும் ஓபஸ் வகைக் கோப்பை மூலமாக வைத்துக்கொண்டு, எங்கேயும் கேட்க வசதியாக எம்பி3 நகல் ஒன்று செய்யுங்கள். நகலெடுக்கும்போது கேட்க வேண்டாம், மனம் தாங்காது, வேலை நின்றுவிடும். கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, நாலைந்து ஓடுகின்றனவா என்று வேறொருவர் பார்த்தால் போதும். மூன்று நகல்கள் தேவை: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள்.

வகுப்புத் தோழர்களிடமும் வீடியோக்கள் இருக்கும். ப்ளஸ் டூ முடிந்ததும் ஊருக்கு ஒருவராகப் போய்விடுவார்கள், போனும் மாறும். சீக்கிரமே கேளுங்கள். படங்களை 'டாக்குமெண்ட்' வடிவில் அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெளிவு குறையும்.

துணி

கடைசியாகப் போட்டுக் கழற்றிய ஒரு சட்டையோ சுடிதாரோ துவைக்காமல் இருந்தால் அதைத் தனியே எடுங்கள். வாசனை அதில்தான் இருக்கிறது. நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். திறக்கத் திறக்க வாசனை குறையும். பாச்சை உருண்டை அருகில் வேண்டவே வேண்டாம், அதன் நெடி எல்லாவற்றையும் மூடிவிடும்.

மற்ற உடைகளைத் துவைத்தே வைக்க வேண்டும். வியர்வை படிந்த துணி நாளடைவில் மஞ்சளிக்கும், பூச்சியையும் அழைக்கும். யூனிஃபார்முக்குக் கஞ்சி போடாதீர்கள். இராமபாணப் பூச்சியும் கரப்பானும் கஞ்சியைத்தான் தின்னும். பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்; ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் முதலில் இழை விடும். எதையும் யாருக்கும் கொடுக்குமுன் கூடப்பிறந்தவர்களைக் கேளுங்கள். அண்ணனின் ஜெர்சி வேண்டும் என்று நினைக்கும் தம்பி வாய்விட்டுச் சொல்லமாட்டான்.

நிலைக்கால்

பலரும் மறப்பது இது. வருடாவருடம் உயரம் அளந்து கதவு நிலைக்காலில் பென்சிலால் போட்ட கோடுகள், பக்கத்தில் பிள்ளையே எழுதிய தேதிகள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரே பூச்சில் போய்விடும். தரையிலிருந்து அளவு டேப்பை நிமிர்த்தி ஒட்டி, நேரெதிரே நின்று படமெடுங்கள். ட்ரேசிங் பேப்பரை மேலே வைத்து, கோடுகளையும் எழுத்தையும் ஒற்றி எடுங்கள். பெயிண்டர் வரும்போது கோடுகளைச் சுற்றி மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கோட்டின்மேல் ஒட்டினால் உரிக்கும்போது பென்சிலும் சேர்ந்து வந்துவிடும்.

நோட்டும் காகிதமும்

லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், மஞ்சளித்துக் கறை விடும். ஸ்டேப்ளர் பின்களைக் கழற்றுங்கள், துருப்பிடிக்கும். சில ஜெல் பேனாக்களின் எழுத்து தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால் அந்த நோட்டுகளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற தெளிவு அளவு) போதும். சினிமா டிக்கெட், பில் போன்ற பளபளப்புத் தாள்கள் சில வருடத்தில் வெளுத்துவிடும், அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டைரி இருந்தால் படிக்காமலே பத்திரப்படுத்தலாம். பிள்ளை யாருக்கும் காட்ட நினைக்காததைப் படிப்பதா என்பதை இந்த நாட்களில் முடிவுசெய்ய வேண்டாம். துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். அது அங்கேயே இருக்கும்.

மாட்டும் படம்

அவசரத்தில் ஸ்டுடியோவுக்குப் போவது ஐடி கார்டிலிருந்த பாஸ்போர்ட் சைஸ் படம்தான். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 5க்கு 7 அங்குலம் வரை ஓரளவு தெளிவாக வரும். அதற்குமேல் பெரிதாக்கினால் முகம் மங்கி, ஸ்டுடியோக்காரர் திருத்தித் திருத்தி வேறு யாரோபோல் ஆகிவிடும். சிரிக்கும் படம் கூடாது என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். போனில் எடுத்த நல்ல படத்தின் மூலக் கோப்பைக் கொடுங்கள்.

ஃப்ரேமுக்குள் நகலையே வையுங்கள். கண்ணாடியும் படமும் ஒட்டாதபடி நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது கிழியும். வெயில் விழும் சுவர் வேண்டாம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கண்ணாடியின் மேற்பாதியில் சிறிதாக வையுங்கள். தண்ணீராக இருந்தால் வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கி, படத்தின் அடியில் பழுப்புக் கோடு போடும். பூவையும் தண்ணீர் உதறிய பிறகே சாத்துங்கள்.