பரணில் கிடக்கிற டிவி கேமை மறுபடி ஓட வைக்க

மதுரை வீட்டுப் பரண்களில் கிடக்கிற டிவி கேம் பெரும்பாலும் நின்டெண்டோ செய்ததல்ல. நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல். அசல் பெட்டி 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் மசாயுகி உயேமுரா. 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டியின் உருவம் மாறி, என்ஈஎஸ் என்று பெயரும் மாறியது. நம் ஊருக்கு வந்த நகல்கள் அமெரிக்கப் பெட்டியின் வழியில் போகாமல் ஜப்பான் பெட்டியின் வழியிலேயே நின்றுவிட்டன. அதனால் நம் கேசட்டுக்கு 60 பின், அமெரிக்கக் கேசட்டுக்கு 72 பின். ஆன்லைனில் ஆசைப்பட்டு என்ஈஎஸ் கேசட் வாங்கினால் நம் பெட்டிக்குள் நுழையவே நுழையாது.

ரிப்பேரைத் தொடங்குமுன் பெட்டியைத் திறந்து ஒருமுறை உள்ளே பாருங்கள். அடியில் நாலோ ஆறோ ஸ்டார் திருகு இருக்கும். ஒன்றிரண்டு, ரப்பர் காலுக்கோ ஸ்டிக்கருக்கோ அடியில் ஒளிந்திருக்கும். திருகு பாக்கியிருக்கும்போது நெம்பினால் பிளாஸ்டிக் தூண் உடையும். உள்ளே 40 கால் கொண்ட இரண்டு நீள ஐசிகள் தெரிந்தால் உங்களுடையது பழைய வகை. ஒன்று கேமை ஓட்டுகிற சிபியு, மற்றது படம் வரைகிற பிபியு. மேலே யுஎம்சி என்று போட்டு யுஏ6527பி, யுஏ6538 போன்ற எண்கள் இருந்தால் அது பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) டிவிக்கான ஜோடி. இவற்றில் ஒன்று கெட்டாலும் கழற்றி மாற்றலாம். நீள ஐசிகளுக்குப் பதில் போர்டின் நடுவில் தார் சொட்டியதுபோல ஒரு கருப்புத் திட்டு இருந்தால், மொத்த ஃபேமிகாமும் அந்தத் திட்டுக்குள்தான். அது செத்தால் போர்டோடு போச்சு. ஆனால் அது சாவது அபூர்வம். "செத்துப்போச்சு" என்று தூக்கிப்போட்ட பெட்டிகளில் பழுது அநேகமாகக் கரண்ட் வரும் வழியிலோ, கேசட் செருகும் இடத்திலோதான் இருக்கும். எனவே சிப்பைச் சந்தேகப்படுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், செல்போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கிற ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம், காது குடையும் பட்ஸ், வெள்ளை அழிரப்பர். கன்டன்சர், ரெகுலேட்டர் போன்ற உதிரிகளை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் சாதாரண உதிரிகள்தான்.

முதலில் அடாப்டர். பழைய அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கும், ஆனால் சும்மா அளந்தால் 12, 13 காட்டும். அது பழுதல்ல. உள்ளே வெறும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற அடாப்டர், லோடு இல்லாதபோது அப்படித்தான் காட்டும். பெட்டியை ஓடவிட்டு அளந்த எண்தான் கணக்கு. ஜப்பானிலிருந்து வந்த அசல் ஃபேமிகாம் கையில் இருந்தால் அதோடு வந்த அடாப்டரை நம் பிளக்கில் செருகவே கூடாது. அது 100 வோல்ட் ஊருக்குச் செய்தது.

பழைய அடாப்டரின் ஒயர் கழுத்தில் அறுந்திருக்கும், அல்லது அடாப்டரே காணாமல் போயிருக்கும். வீட்டில் சும்மா கிடக்கிற 9 வோல்ட் ரவுட்டர் அடாப்டரைப் போடலாம். அதற்குமுன் பார்க்க வேண்டியது துருவம். அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடுவில் மைனஸ். ரவுட்டர் அடாப்டரில் வழக்கமாக நடுவில் பிளஸ். நகல்களோ அது ஒரு விதம், இது ஒரு விதம். பெட்டி மேல் அச்சடித்ததை நம்பாமல் மீட்டரால் பாருங்கள். போர்டில் மூன்று கால், முதுகில் தகடோடு 7805 என்று, வோல்ட்டை 5-க்குக் குறைக்கிற ஒரு ரெகுலேட்டர் இருக்கும். மீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை 7805-ன் நடுக் காலிலும் மறு முனையை அடாப்டர் துளையின் நடுக் குச்சியிலும் வையுங்கள். பீப் அடித்தால் நடு மைனஸ். வெளி வளையத்தில் அடித்தால் நடு பிளஸ். இரண்டிலும் அடிக்கவில்லை, துளைக்குப் பக்கத்தில் நாலு டயோடு கட்டம்போல நிற்கிறது என்றால் கவலையில்லை, எந்தத் துருவமானாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

அடுத்து 7805-ஐயே அளக்க வேண்டும். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடது கால் உள்ளே வருவது, நடு கிரவுண்டு, வலது கால் வெளியே போகும் 5 வோல்ட். கருப்பு முனையை நடுக் காலில் வைத்துப் பெட்டியை ஆன் செய்யுங்கள். இடது காலில் 7-க்குக் கீழே இருந்தால் அடாப்டர் தள்ளாடுகிறது. இடதில் 9, வலதில் 4.75 முதல் 5.25-க்குள் இருந்தால் கரண்ட் பக்கம் சரி. வலதில் 5.5-ஐத் தாண்டினால் உடனே அணையுங்கள், ரெகுலேட்டர் ஓட்டையாகி முழு வோல்ட்டையும் சிப்புக்கு அனுப்புகிறது. வலதில் ஒன்றுமே இல்லாமல் 7805 கொதித்தால் அதற்கு அப்புறம் எங்கோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வலது காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரண்டு மூன்று ஓம்தான் என்றால் முதலில் கன்டன்சரைக் கழற்றிப் பாருங்கள், சிப்பைப் பிறகு பார்க்கலாம்.

7805 சூடாவது இயல்பு, எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி. 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் மீதி 7 வோல்ட்டும் சூடாகத்தான் போக வேண்டும், அதாவது 2.1 வாட். அதே போர்டுக்கு 9 வோல்ட் கொடுத்தால் 1.2 வாட்தான். கத்திரி வெயிலில் சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் இந்த வித்தியாசம் பெரிது. அரை மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக நிற்கிற பெட்டி பெரும்பாலும் இப்படிச் சூடேறி நிற்பதுதான். 9 வோல்ட் அடாப்டருக்கு மாறுங்கள், ரெகுலேட்டருக்குப் பின்னால் ஒரு அலுமினியத் துண்டைத் திருகிவிடுங்கள்.

படத்தில் குறுக்காகப் பட்டை நகர்ந்தால், சத்தத்தில் உர்ர்ரென்று ஓசை இருந்தால், கன்டன்சர் வறண்டுவிட்டது என்று அர்த்தம். போர்டில் எழுதியிருக்கிற அதே மைக்ரோ ஃபாரட் மதிப்பில், 25 வோல்ட், 105 டிகிரி தாங்குகிற கன்டன்சராக வாங்கிப் போடுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

இனி கேசட். ஊதக் கூடாது. ஊதியதும் படம் வந்தது உண்மைதான், ஆனால் வேலை செய்தது கழற்றிச் செருகியது, ஊதியது அல்ல. எச்சில் ஈரம் பின் மேல் படிந்து நாளடைவில் பச்சை பூக்கும். ஐபிஏ நனைத்த பட்ஸால், கருப்பு ஒட்டுவது நிற்கும்வரை தேயுங்கள். போகாத கறைக்கு மட்டும் அழிரப்பர். உப்புத்தாள் வேண்டாம், பின் மேலிருக்கிற மெல்லிய பூச்சு போய்விடும், அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை துரு. பெட்டியின் ஸ்லாட்டுக்குள் பட்ஸ் நுழையாது. பழைய ஏடிஎம் கார்டில் ஒற்றை மடிப்புப் பருத்தித் துணி சுற்றி, ஐபிஏ தொட்டு, நேராக உள்ளே விட்டு நேராக எடுங்கள். முழுக்க உலர்ந்த பிறகுதான் கரண்ட்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் டிவியில் தெரிவதை வைத்தே எந்தப் பின் என்று நெருங்கலாம். ஃபேமிகாமில் சிபியு படிக்கிற புரோகிராமும் பிபியு படிக்கிற படமும் கேசட்டில் தனித்தனி சிப்பில், தனித்தனிப் பாதையில் வரும். 1985-ல் வந்த மாரியோவில் புரோகிராம் 32 கேபி, படம் 8 கேபி. மேலும் ஸ்லாட்டின் ஒரு பாதி முழுக்கச் சிபியு பாதை, மறு பாதி பிபியு பாதை. திரை ஒரே நிறத்தில் உறைந்து கிடந்தால் சிபியு பாதியில் தொடர்பு இல்லை. பாட்டு ஓடுகிறது, பட்டனுக்கு மாரியோவும் குதிக்கிறான், ஆனால் உருவம் கோலம் கலைந்ததுபோல எழுத்தும் கட்டமுமாகச் சிதறியிருக்கிறது என்றால் பிபியு பாதி.

எது எந்தப் பாதி? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 7805-ன் நடுக் காலிலிருந்து ஸ்லாட்டின் நாலு மூலைப் பின்களையும் தொட்டுப் பாருங்கள். பீப் அடிக்கிற மூலை 1-வது பின். அந்தப் பக்கம் சிபியு பாதி. அதே வரிசையில் 16-வது பின்னும் பீப் அடிக்க வேண்டும், அதுவும் கிரவுண்டுதான். 1-க்கு நேர் எதிரே மற்ற வரிசையில் இருக்கிற 31-வது பின்னில் 5 வோல்ட். மைனஸும் பிளஸும் முகத்துக்கு முகம் நிற்கிற இந்த மூலையில் ஓடும்போது ஊக்கை விட்டால் நேரே ஷார்ட். வளைந்த பின்னைத் தையல் ஊசியால் மெல்ல நிமிர்த்துங்கள், அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

படம் அருமையாக வருகிறது, சத்தம் மட்டும் இல்லையா? டிவியையும் ஒயரையும் குறை சொல்லுமுன் 45, 46-வது பின்களைப் பாருங்கள். 31-லிருந்து எண்ணினால் 15-வதும் 16-வதும். ஃபேமிகாமில் சத்தம் சிபியுவிலிருந்து 45 வழியாகக் கேசட்டுக்குள் போய், 46 வழியாகத் திரும்பி வந்துதான் டிவிக்குப் போகும். கேசட் தன் சத்தத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று அப்படி வைத்தார்கள். நகல்கள் பலவும் அதை அப்படியே வைத்திருக்கின்றன. இந்த இரண்டில் ஒன்று தொடாவிட்டால் மாரியோ ஊமை.

விளையாடுகிற ரிமோட்டில் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரப்பருக்கு அடியிலிருக்கிற கருப்புக் கார்பன் தேய்ந்திருக்கும். ஐபிஏவால் துடைத்து, பழைய டிவி ரிமோட்டின் ரப்பரிலிருந்து கார்பன் வட்டை வெட்டி ஒட்டுங்கள். 6பி பென்சில் தேய்த்தாலும் ஓடும், இரண்டு வாரம்தான். எல்லாப் பட்டனும் சேர்ந்து செத்தால் ஒயர். உள்ளே ஐந்து கம்பி: 5 வோல்ட், கிரவுண்டு, லாட்ச், கிளாக், டேட்டா. பட்டன்களின் நிலையை ஒரு சிப் வரிசையாக ஒற்றைக் கம்பியில் அனுப்புகிறது, அதனால்தான் எட்டு பட்டனுக்கு ஐந்து கம்பி போதும். ரிமோட்டுக்குள் நுழையும் இடத்திலோ, பிளக்கின் கழுத்திலோதான் அறும். அங்கே நாலு விரல் நீளம் வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி ஈயம் வையுங்கள். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், இரண்டு முனையையும் மீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு பெட்டியின் 9 பின் ரிமோட் நம் துளைக்குள் அழகாக நுழையும், ஆனால் உள் இணைப்பு வேறாக இருக்கும். அளக்காமல் செருகினால் 5 வோல்ட் போகாத இடத்துக்குப் போகும்.

டிவியில் இணைக்க மஞ்சள், வெள்ளை ஏவி ஒயர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆன்டெனா ஒயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் சேனல் தேடிப் பிடிக்க வேண்டும். படம் வந்து சத்தம் மட்டும் இரைச்சலாக இருந்தால், டிவி மெனுவில் சவுண்டு சிஸ்டத்தை பி/ஜி-யிலிருந்து டி/கே-க்கு மாற்றிப் பாருங்கள். நம் நாட்டுப் பழைய ஆன்டெனா ஒளிபரப்பில் சத்தம் படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வந்தது, சீன வழிப் பெட்டிகள் சிலவற்றில் 6.5. படம் கருப்பு வெள்ளையாக வந்தால் பெட்டி என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை) வகை, டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவில் வையுங்கள். பால் பெட்டியில் ஜப்பான் கேசட் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், நொடிக்கு 60 படத்துக்குச் செய்ததை 50-ல் காட்டுகிறது. நகல் சிப்புகள் சிலவற்றில் சத்தத்தின் அலை வடிவமும் மாறிப்போயிருக்கிறது. யூடியூபில் கேட்கிற மாரியோ பாட்டு நம் வீட்டுப் பாட்டுபோல இல்லையே என்று தோன்றினால் காதில் குறையில்லை.

புது எல்இடி டிவியில் மஞ்சள் துளை இல்லாவிட்டால் ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி வேண்டும். வாங்கும்போது ஏவி உள்ளே, ஹெச்டிஎம்ஐ வெளியே என்று இருக்கிறதா பாருங்கள். அச்சு அசல் அதே உருவத்தில் தலைகீழாக மாற்றுகிற பெட்டியும் கடையில் பக்கத்திலேயே தொங்கும். யூஎஸ்பி ஒயரில் 5 வோல்ட் கொடுக்காமல் இது ஓடாது. டிவியில் கேம் மோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டன் அழுத்திய பிறகு யோசித்துத்தான் மாரியோ குதிப்பான்.

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எந்த எல்இடி டிவியிலும் ஓடாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருப்பாகி, அடுத்து வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் உரிய கணத்தில் குழலுக்குள் விழுந்ததா என்று பெட்டி பார்க்கிறது. எல்இடி டிவி படத்தைத் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தப்பும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி உறவுக்காரர் வீட்டில் எங்கேயாவது துணி போர்த்திக் கிடக்கும், இந்த வேலைக்கு அதைவிட நல்ல டிவி இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி, எதிர் ஜன்னலை மூடி, நாலைந்து அடி தள்ளி நின்று சுடுங்கள். டிவியின் முதுகை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆன பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

திரும்பப் பரணில் ஏற்றும்போது ஒயரைப் பெட்டியைச் சுற்றிக் கட்டி வைக்காதீர்கள். ஒயரின் ரப்பர் உறையிலிருந்து கசிகிற எண்ணெய்ப் பசை வெயில் சூட்டில் பெட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கி, தழும்புபோலப் பள்ளம் போட்டுவிடும், அது எதற்கும் போகாது. ஒயர்களைத் தனியே பாலிதீன் கவரில் போட்டு, ஸ்லாட்டுக்குள் எறும்பும் பல்லியும் புகாமல் ஒரு கேசட்டைச் செருகியே வையுங்கள்.