புடாபெஸ்டை ஒரே நாளில் பார்ப்பது எப்படி: காலையில் நடை, மாலையில் படகு

முதல் தடவை நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் விமானம் இறங்கிய அன்று மாலையே டான்யூப் நதிப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கரையிலும் மஞ்சள் விளக்குகள் மின்னின. எது அரண்மனை, எது நாடாளுமன்றம், எது ஓட்டல் என்று ஒன்றும் புரியவில்லை. காதில் மாட்டிய கருவி ராஜாக்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே வந்தது. பாதி வழியில் தூங்கிப்போனேன். மறுநாள் காலை வழிகாட்டியோடு ஊருக்குள் நடந்தபோதுதான், "அட, நேற்று இதைத்தானே தாண்டிப் போனோம்" என்று ஒவ்வொரு இடமாகப் பிடிபட்டது. அப்புறம் என்ன, இன்னொரு டிக்கெட் எடுத்துத் திரும்பவும் படகேறினேன்.

அந்த இரண்டாவது டிக்கெட் காசை நீங்கள் மிச்சப்படுத்தலாம். காலையில் நடை, மாலையில் படகு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: ஆற்றையும் நாலு பாலங்களையும் மனதில் பதியுங்கள்

கூகுள் மேப்பைத் திறந்து பத்து நிமிடம் ஊரைப் பாருங்கள், போதும். ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மேற்குக் கரை புடா: மலை, கோட்டை, அரண்மனை எல்லாம் அங்கே. கிழக்குக் கரை பெஸ்ட்: சமதளம், கடைத்தெரு, நாடாளுமன்றம். புடா, பெஸ்ட், பழைய புடா என்று தனித்தனியாக இருந்த மூன்று ஊர்களை 1873-ல் ஒன்றாக இணைத்துத்தான் இன்றைய புடாபெஸ்ட் உருவானது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது "புடாபெஷ்ட்".

அடுத்தது பாலங்கள். வடக்கிலிருந்து தெற்காக விரல்விட்டு எண்ணுங்கள். நடுவில் முழங்கை போல மடங்கியிருப்பது மார்கரெட் பாலம். சிங்கங்கள் காவல் இருப்பது சங்கிலிப் பாலம். வெள்ளையாக, அலங்காரமே இல்லாமல் இருப்பது எலிசபெத் பாலம். பச்சை இரும்பில் இருப்பது விடுதலைப் பாலம். இந்த நான்கும் தெரிந்துவிட்டால் நடக்கும்போதும் சரி, படகிலும் சரி, எங்கே இருக்கிறோம் என்று குழம்ப மாட்டீர்கள்.

படி 2: முதலில் சூரியன் மறையும் நேரம், பிறகு டிக்கெட்

பலரும் ஏதோ ஒரு நேரத்துக்குப் படகு டிக்கெட் எடுத்துவிட்டு மற்றதை அதற்கேற்ப நகர்த்துவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். போகிற தேதியில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பாருங்கள். ஜூன் மாதத்தில் இரவு எட்டே முக்காலுக்குத்தான் மறையும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் ஆறரை மணி என்று நினைத்துக்கொண்டு போனால், கோடையில் பட்டப்பகலில் படகில் இருப்பீர்கள்.

மறையும் நேரத்தை ஒட்டிக் கிளம்பும் படகே நல்லது. போகும்போது கட்டடங்களின் கல்லும் நிறமும் தெரியும். திரும்பி வரும்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். ஒரு டிக்கெட்டில் இரண்டு ஊர் பார்த்த மாதிரி.

நடைக்குக் காலை பத்து மணி வாக்கில் தொடங்கும் குழுவில் சேருங்கள். இரண்டரை மணி நேரம் நடந்தாலும் மதியம் ஓய்வெடுக்க நேரம் கிடைக்கும்.

படி 3: எந்த வழிகாட்டியோடு நடப்பது?

"இலவச நடை" என்று இணையத்தில் நிறைய கண்ணில் படும். இலவசம் என்றால் முன்கட்டணம் இல்லை, அவ்வளவுதான். முடிந்ததும் அவரவர் விருப்பம்போல வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வழக்கம். அவருக்கு அதுதான் வருமானம் என்பதால் சத்தமில்லாமல் நழுவுவது அழகல்ல. நல்ல ஓட்டலில் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு என்ன ஆகுமோ அந்த அளவு கொடுத்தால் நியாயம். கூட்டம் அதிகமாக இருக்கலாம். பின்னால் நின்றால் பாதி காதில் விழாது. வயதானவர்கள் உங்களோடு வந்தால் கட்டணம் கட்டிச் சிறு குழுவில் சேர்வதே மேல்.

இந்த நடைகளில் பல வோரோஷ்மார்ட்டி சதுக்கத்திலிருந்தோ அதன் பக்கத்திலிருந்தோ தொடங்கும். அங்கே மஞ்சள் நிற மெட்ரோவில் போய் இறங்குங்கள். 1896-ல் ஓடத் தொடங்கிய ரயில் அது. ஐரோப்பியப் பெருநிலத்தில் முதல் சுரங்க ரயில். படியில் பத்துப் பன்னிரண்டு அடி இறங்கினாலே நடைமேடை வந்துவிடும். பெட்டிகளும் பொம்மை ரயில் மாதிரி சின்னது. காகித டிக்கெட் வாங்கினால் அங்கே இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திய பிறகே செல்லும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டுபவர்கள் வெளியூர்க்காரர்கள்தான்.

இங்கே நாணயம் யூரோ அல்ல, ஃபாரின்ட். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் மோசமான விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

படி 4: நடையில் எதைக் கவனிப்பது

வழிகாட்டிகள் ஆளுக்கொரு பாதை வைத்திருப்பார்கள். ஆனாலும் பெரும்பாலும் புனித ஸ்டீபன் தேவாலயம், ஆற்றங்கரை, சங்கிலிப் பாலம், கோட்டை மலை என்றுதான் போகும்.

தேவாலயத்தின் முன் நிற்கும்போது 96 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் 96 மீட்டர். நாடாளுமன்றக் கோபுரமும் 96 மீட்டர்தான். ஹங்கேரியர்கள் இந்த மண்ணில் குடியேறியதாகக் கொண்டாடும் ஆண்டு 896. அதன் ஆயிரமாவது ஆண்டுக்காகவே 1896-ஐ ஒட்டி ஊர் முழுக்க அவ்வளவு கட்டினார்கள். மஞ்சள் மெட்ரோவும் பச்சைப் பாலமும் அதே ஆண்டில் திறந்தவை. இது தெரிந்த பிறகு, இரவு படகிலிருந்து பார்க்கும்போது இரண்டு கோபுரங்களும் போட்டியில்லாமல் சமமாக நிற்பது சட்டென்று புரியும்.

சங்கிலிப் பாலத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 1849-க்கு முன் இங்கே நிரந்தரப் பாலமே கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம்தான். குளிர்காலத்தில் பனிக்கட்டி மிதந்து வரும்போது அதையும் கழற்றிவிடுவார்கள். இஷ்ட்வான் ஸெச்சேனி என்ற பிரபு, 1820-ல் அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில் ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்துக் கிடந்தார், அந்த வேதனைதான் பாலமாக மாறியது என்று இங்கே சொல்வார்கள். வடிவமைத்த ஆங்கிலேயர் பெயர் கிளார்க். நின்று கட்டிய ஸ்காட்லாந்துக்காரர் பெயரும் கிளார்க். இருவரும் உறவில்லை. சிங்கங்களுக்கு நாக்கு இல்லை என்று ஒரு கதையும் உலவுகிறது. நாக்கு உண்டு, கீழிருந்து பார்த்தால் தெரியாது.

1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை, இந்தப் பாலம் உட்பட ஆற்றின் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தது. சங்கிலிப் பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்தது 1949-ல், சரியாக நூறாம் ஆண்டில். நாம் எண்ணிய நான்கில் எலிசபெத் பாலத்தை மட்டும் பழைய உருவத்தில் கட்டவில்லை. 1964-ல் திறந்த புதுப் பாலம் அது. அலங்காரம் இல்லாமல் அது மட்டும் தனியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

கோட்டை மலைக்கு ஏற இழுவை ரயில் உண்டு. அழகானது, ஆனால் வரிசையும் நீளம், காசும் அதிகம். முழங்கால் நன்றாக இருந்தால் படியேறுங்கள், இல்லையென்றால் 16-ஆம் எண் பேருந்து. மேலே மீனவர் கொத்தளம் என்று ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்குப் பழங்காலக் கோட்டை போல இருந்தாலும் 1902-ல் கட்டி முடித்தது. எந்தப் போருக்காகவும் அதைக் கட்டவில்லை. ஏழு கோபுரங்கள் இங்கே குடியேறிய ஏழு குலங்களைக் குறிக்கின்றன. அங்கிருந்து ஆற்றுக்கு அப்பால் பாருங்கள்: நாடாளுமன்றம் முழுதாகத் தெரியும். மாலையில் அதே கட்டடத்தின் காலடியில் படகில் போகப்போகிறீர்கள்.

நடை முடிந்ததும் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று இரவு படகில் போகிறேன், எதைத் தவறவிடக் கூடாது?" நான் கேட்டபோது அவர் என் வரைபடத்திலேயே மூன்று இடத்தில் பேனாவால் சுழித்துக் கொடுத்தார். காதில் மாட்டும் கருவியைவிட அந்த மூன்று சுழிதான் உதவியது.

படி 5: காலணிகளிடம் தனியாகப் போங்கள்

இது குழுவோடு போகும் இடம் அல்ல. நாடாளுமன்றத்துக்கும் சங்கிலிப் பாலத்துக்கும் நடுவில், பெஸ்ட் கரையின் விளிம்பில் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள் பதித்திருக்கிறார்கள். ஆண்களுடையது, பெண்களுடையது, குழந்தைகளுடையதும் இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆட்கள் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அதற்கு முன் காலணிகளைக் கழற்றச் சொன்னார்கள், காலணிக்கு விலை இருந்ததால். 2005-ல் வைத்த நினைவுச் சின்னம் இது.

படகிலிருந்து பார்த்தால் இது இருப்பதே தெரியாது. இதையும் பார்த்துவிட்டுப் படகேறினால், விளக்கு மின்னும் அந்தத் தண்ணீரை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். இங்கே செல்ஃபி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். என்ன சொல்ல.

படி 6: சாப்பாடு

சைவர்களுக்கு ஒரு சொல்: "ஹூஷ் நேல்க்யூல்". ஹூஷ் என்றால் இறைச்சி, நேல்க்யூல் என்றால் இல்லாமல். நாம் சொல்லும் அதே வரிசை! ஹங்கேரிய மொழி ஐரோப்பாவின் நடுவில் இருந்தாலும் தமிழைப் போல ஒட்டுகளைச் சொல்லின் பின்னால்தான் சேர்க்கும். லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி, பட்டூராவின் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். மேலே புளித்த கிரீமும் சீஸும். குலாஷ் இங்கே குழம்பு அல்ல, சூப். பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது.

சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் ஒரு மணி நேரமாவது காலை நீட்டிப் படுங்கள். இதைச் செய்யாமல்தான் நான் படகில் தூங்கினேன்.

படி 7: படகேறுதல்

ஒரு மணி நேரச் சாதாரணப் படகே போதும். இரவுச் சாப்பாட்டோடு கூடிய படகு வேண்டாம் என்பது என் கட்சி: தட்டைப் பார்ப்பதா, கரையைப் பார்ப்பதா?

டிக்கெட்டில் படகுத்துறையின் எண்ணைப் பாருங்கள். பெஸ்ட் கரையில் துறைகள் வரிசையாக நிற்கும். எல்லாப் படகும் ஒரே மாதிரித் தெரியும். டிராம் தண்டவாளத்தையும் கரையோரச் சாலையையும் கடந்துதான் கீழே இறங்க வேண்டும், நினைத்த இடத்தில் கடக்க முடியாது. அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்; மேல் தளத்தில் இடம் பிடிக்கவும் அது உதவும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஆற்றுக் காற்று சும்மா விடாது.

எந்தப் பக்கம் உட்காருவது என்று குழம்பாதீர்கள். படகு போய்த் திரும்பும். வடக்கே போகும்போது வலப்பக்கம் பெஸ்ட், இடப்பக்கம் புடா; திரும்பும்போது மாறிவிடும்.

நாடாளுமன்றம் வரும்போது எழுந்து நில்லுங்கள். 268 மீட்டர் நீளம், 691 அறைகள். அதன் முகப்பு ஆற்றைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அதை வடிவமைத்த இம்ரே ஸ்டெயிண்டல் வேலை முடியும் முன்பே பார்வை இழந்தார். 1902-ல் இறந்தும் போனார். விளக்கேற்றிய அந்த முகப்பைப் பார்க்கும்போது அவர் நினைவு வராமல் இருக்காது. இங்கே இரண்டு படம் எடுத்துவிட்டு போனைப் பையில் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்; எதிரில் இருப்பவர் முதுகுதான் வெளிச்சமாக விழும்.

மார்கரெட் பாலத்தின் அருகில் 2019 மே 29 இரவு ஒரு சிறு சுற்றுலாப் படகு, பெரிய கப்பல் மோதி மூழ்கியது. தென்கொரியப் பயணிகளும் மாலுமிகளுமாக 35 பேரில் 7 பேர்தான் பிழைத்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று ஏறியதுமே ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் தெற்கே வந்தால் கெல்லேர்ட் குன்றின் உச்சியில் கையில் ஓலையை உயர்த்திப் பிடித்த பெண் சிலை தெரியும். அதற்குக் கீழே பச்சைப் பாலம். அதன் கோபுர நுனிகளில் டுருல் என்ற புராணப் பறவை உட்கார்ந்திருக்கும். காலையில் யாரும் காட்டவில்லை என்றால் இப்போது நீங்களே தேடுங்கள்.

இறங்கியதும் டாக்சி பிடிக்காதீர்கள். மேலே ஏறினால் 2-ஆம் எண் டிராம் வரும். ஆற்றை ஒட்டியே போகிற அந்த டிராமில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், இப்போது பார்த்ததையெல்லாம் பேருந்துக் கட்டணத்தில் இன்னொரு முறை பார்க்கலாம். முத்திரை குத்த மறக்காதீர்கள்.