பந்திங் பள்ளித் திடலில் பொன்னிற உப்புக்கொத்தியைப் பார்ப்பது எப்படி?

கடற்கரைப் பறவை என்றதும் மலேசியாவின் பந்திங் ஊரிலிருந்து மோரிப் கடற்கரைக்கு வண்டியை விடாதீர்கள். அங்கே சேற்றில் நிற்பதெல்லாம் பழுப்பாகவே தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றிவிடும். செம்பனைக்கு நடுவே இருக்கும் பள்ளித் திடலே போதும். குட்டையாக வெட்டிய புல் என்றால் இந்தப் பறவைக்குக் கொள்ளை ஆசை. ஜாகாவிடம் (காவலாளியிடம்) ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

படி 1: மாதம். சைபீரியாவிலும் மேற்கு அலாஸ்காவிலும் மரமே இல்லாத துருவ நிலத்தில்தான் இது கூடு கட்டும். தரையில் நான்கு முட்டை. அங்கே கோடை சட்டென்று முடிந்துவிடும் என்பதால் வளர்ந்த பறவைகள் முன்னதாகவே தெற்கே கிளம்பிவிடும். அந்த வருடத்துக் குஞ்சுகள் பெற்றோர் துணை இல்லாமல் பின்னால் வரும். யார்தான் வழி சொல்கிறார்களோ! அலாஸ்காவிலிருந்து ஹவாய்க்குப் போகிறவை 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடல்மீது எங்கும் இறங்காமல் பறக்கின்றன. நம் பக்கம் பார்க்க, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை.

படி 2: நேரம். மழை ஓய்ந்த காலை. பந்தாட்டம் இருந்தால் வேறு நாள்.

படி 3: அடையாளம். உடம்பு மைனா அளவுதான், கால் நீளம், முதுகில் பொன் பொட்டுகள். ஆனால் நிறத்தைவிட நடையை நம்புங்கள். குடுகுடுவென்று ஓடும், டக்கென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து. மைனா இப்படி நின்று நின்று ஓடாது. கண்ணருகே சிவப்புத் தோலும் மஞ்சள் காலுமாக ஊரைக் கூட்டிக் கத்தினால் அது ஆள்காட்டி.

படி 4: வரைபடம். சுவையான வேலை இதுதான். நோட்டில் கோல் கம்பம், வடிகால், கொடிக்கம்பம் எல்லாவற்றையும் வரைந்து, பறவை நின்ற இடத்தில் புள்ளி வையுங்கள். பல உப்புக்கொத்திகள் தெற்கே தங்கும் மாதங்கள் முழுக்கத் தனக்கென ஒரு துண்டு நிலம் பிடித்துக்கொண்டு மற்றதைத் துரத்தும். அடுத்த ஆண்டும் அதே துண்டுக்கே வரும். ஹவாயில் கால்வளையம் மாட்டிப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். யார் யாரைத் துரத்தியது என்று அம்புக்குறி போடுங்கள். நேராக நெருங்கினால் பறந்துவிடும். காருக்குள்ளிருந்தே பாருங்கள், காரை அது கண்டுகொள்ளாது.

படி 5: மார்ச் வந்ததும் வயிற்றைக் கவனியுங்கள். கறுப்புத் திட்டுகள் பரவத் தொடங்கும். நெற்றியிலிருந்து பக்கவாட்டில் வெள்ளைக் கோடு இறங்கும். அப்புறம் எந்த நாளும் கிளம்பலாம். கடைசியாகப் பார்த்த தேதியை அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.