பானங்களிலிருந்து கன உலோகங்களை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், நெல் உமி, கொட்டாங்கச்சிக் கரி, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசன், பென்டோனைட் களிமண் ஆகியவை நீரில் கரைந்துள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் தம் பரப்பில் பிடித்துக்கொள்ளும் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை நிறுவப்பட்டதே. தூய நீரில் உலோக உப்பைக் கரைத்துச் செய்த அந்தச் சோதனைகளின் முடிவு பழச்சாறுக்கும் ஒயினுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான் இத்துறையின் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

முதலாவது, அமிலத்தன்மையைக் கணக்கில் கொள்ளாமை. பழத்தோல், ஆல்ஜினேட் போன்றவற்றில் உலோக அயனியைப் பற்றுவது பெரும்பாலும் கார்பாக்சில் தொகுதி எனும் அமில அணுக்கூட்டம். அது தன் ஹைட்ரஜனை விட்டு எதிர்மின்சுமை பெற்றிருந்தால்தான் ஈய அயனியை ஈர்க்க முடியும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 5 அல்லது 6 உள்ள கரைசலில் அந்த நிலை எளிதில் அமைகிறது. சோதனைகள் பலவும் அந்த எல்லையிலேயே நடத்தப்படுகின்றன. பழச்சாறுகளும் ஒயினும் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட பி.எச். கொண்டவை. அங்கே ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்திருந்து பற்றிடங்களில் பலவற்றை அடைத்துக்கொள்வதால், நீரில் சிறப்பாக வேலை செய்த பொருள் சாற்றில் சோர்ந்துவிடுகிறது. கைட்டோசனின் நிலை இன்னும் சிக்கலானது: அதன் அமினோ தொகுதிகள் அமிலத்தில் நேர்மின்சுமை ஏற்று உலோக நேரயனிகளை விலக்குவதோடு, சாதாரண கைட்டோசன் நீர்த்த அமிலங்களில் கரையவும் கூடும். பிடிக்க வந்த பொருளே பானத்தில் கரைந்தால் அதை வடிகட்டி எடுக்க வழியில்லை. இதற்காகச் சாற்றின் அமிலத்தன்மையைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்கலாம். குறைத்தால் சுவை கெடும், நுண்ணுயிர்கள் வளரவும் இடம் கிடைக்கும்.

அடுத்தது, பானத்தில் வேறு என்னென்ன இருக்கின்றன என்பதைப் பாராமை. ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் பொட்டாசியம் 1 கிராமுக்கு மேல் இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் பல பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும். நீக்க வேண்டிய ஈயமோ மில்லிகிராமில் நூறில் சில பங்கு மட்டுமே. ஈயத்தின்மீது நாட்டம் அதிகம் உள்ள கவர்பொருளுக்குக்கூட (உலோகத்தைத் தன் பரப்பில் பிடிக்கும் பொருளுக்குக்கூட) இவ்வளவு கூட்டத்துக்கு நடுவே அதைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. போதாததற்கு, சிட்ரிக், மாலிக், டார்டாரிக் அமிலங்களும் பாலிஃபீனால்களும் உலோகத்தைச் சூழ்ந்து பிணைந்து அணைவுச் சேர்மங்களை உண்டாக்கி அதைக் கரைசலிலேயே நிறுத்திவைக்கின்றன. ஆகவே மொத்த ஈயம் எவ்வளவு என்று கேட்பதைவிட, அது எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

வடிவம் பற்றிய இந்தக் கேள்வி ஆர்சனிக்கில் இன்னும் கூர்மையாகிறது. எல்லாக் கன உலோகங்களையும் ஒரே பொருளால் நீக்கிவிடலாம் என்று நம்புவது பெரும் பிழை. நீரில் ஆர்சனிக் நேரயனியாக இருப்பதில்லை. ஐந்து இணைதிற வடிவம் எதிரயனியாகவும், மூன்று இணைதிற வடிவம் வழக்கமான பி.எச். எல்லையில் மின்சுமையற்ற மூலக்கூறாகவும் இருக்கின்றன. ஈயத்தைப் பிடிக்கும் பழத்தோலோ, நுண்துளைகள் கொண்ட கனிமமான சியோலைட்டோ இவற்றைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. இரும்பு ஆக்சைடு பூசிய பரப்புகளே இங்கு உதவுகின்றன. ஆறு இணைதிறக் குரோமியமும் எதிரயனிதான். பாதரசத்துக்குக் கந்தகம் கொண்ட தொகுதிகள்மீது நாட்டம் அதிகம்.

விழுக்காட்டைக் கண்டு மயங்குவதும் பரவலாகக் காணப்படுகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயம் கொண்ட கரைசலிலிருந்து 99 விழுக்காடு நீங்கியது என்ற முடிவைப் படிப்பவர் சிக்கல் தீர்ந்ததாக எண்ணுவார். மிஞ்சிய அரை மில்லிகிராம், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள 10 மைக்ரோகிராம் வழிகாட்டு அளவைப்போல் ஐம்பது மடங்கு. ஒரு பரப்பு எவ்வளவு பொருளைப் பிடிக்கும் என்று கணக்கிடும் லாங்மியர் சமன்பாட்டிலிருந்து, கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பெறும் உச்சத் திறனும் இப்படித்தான்: பரப்பு முழுவதும் நிரம்பிய நிலையைக் காட்டும் அந்த எண், மைக்ரோகிராம் அளவிலான மாசின் முன்னால் பொருள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தனியே சொல்லாது. பானத்தில் உண்மையில் உள்ள அளவில் சோதிக்காத எந்த முடிவையும் நான் பொருட்படுத்த மாட்டேன்.

கவர்பொருளே மாசைக் கொண்டுவரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பீரை வடிகட்டப் பயன்படும், நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான டயட்டம் மண்ணிலிருந்து ஆர்சனிக் பானத்துக்குள் வருவது அறியப்பட்ட ஒன்று. பென்டோனைட்டிலிருந்து அலுமினியமும் சில வேளைகளில் ஈயமும் கசியலாம். மாசுபட்ட நிலத்தில் விளைந்த நெல்லின் உமியில் ஆர்சனிக் இருக்கலாம். பதப்படுத்தாத பழத்தோலைப் போட்டால் அதன் நிறமும் கசப்பும் சர்க்கரையும் பானத்தில் இறங்கும். நீர்த்த அமிலத்தால் கழுவி, நன்றாக அலசி, உலோகமற்ற பானத்தில் முதலில் போட்டுப் பார்த்து, எது இறங்குகிறது என்று அளந்த பிறகே பயன்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். இயற்கையானது என்பது சட்ட அனுமதிக்கும் ஈடாகாது: ஒயினுக்குப் பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு (ஓ.ஐ.வி.) ஏற்றுள்ளது பூஞ்சையிலிருந்து பெறும் கைட்டோசனையே, இறால் ஓட்டிலிருந்து பெறுவதையன்று.

பொருளை அளவுக்கு மீறிச் சேர்த்தால் ஆந்தோசயனின் நிறமிகளும் மணப்பொருள்களும் சேர்ந்தே போய்விடும். கிளர்வுற்ற கரி இதில் சற்றும் தயவு காட்டுவதில்லை. மிக நுண்ணிய தூளாக அரைத்தால் பரப்பு பெருகும், ஆனால் வடிகட்டியில் நழுவும் துகள் தான் பிடித்த ஈயத்தோடு பானத்திலேயே தங்கிவிடும்.

அளவிடுவதில் நேரும் பிழைகளைச் சொல்லாமல் விட முடியாது. நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருளைக் காட்டும் கைக்கருவி, ஈயம் இருப்பதையோ இல்லாததையோ சொல்லாது. அது காட்டுவது மின்கடத்துத்திறனை மட்டுமே. மைக்ரோகிராம் அளவை அறிய கிராஃபைட் உலை கொண்ட அணு உட்கவர் நிறமாலைமானி, தூண்டல் பிணைப்புப் பிளாஸ்மா நிறைநிறமாலைமானி போன்ற ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். மாதிரியை அமிலத்தில் செரித்து அளந்தால்தான் துகளோடு ஒட்டிய உலோகமும் கணக்கில் வரும். கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. நீர் ஆவியாகும் அளவுக்கு உலோகத்தின் செறிவு கூடவே செய்யும்.

இத்தகைய கருவிகள் இல்லாத வீட்டில் தோலையும் கரியையும் கொண்டு பானத்தைச் சுத்திகரிக்க முயல்வதை நான் பரிந்துரைக்கவில்லை. ஐயத்துக்குரிய பானத்தைக் கைவிட்டு, உலோகம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதே அங்கே பொருத்தம். ஈயம் கலந்த மெருகு பூசிய பீங்கான் கலத்தில் புளிப்பான சாற்றை வைத்தால் அமிலம் ஈயத்தைத் தொடர்ந்து கரைத்துக்கொண்டே இருக்கும். கலத்தை மாற்றாமல் எத்தனை முறை வடிகட்டினாலும் பயனில்லை.

பயன்படுத்தி முடித்த கவர்பொருளை, மக்கக்கூடியதுதானே என்று உரக்குழியில் போடக் கூடாது. அது பிடித்த ஈயமும் காட்மியமும் மக்குவதில்லை. மண்ணுக்கும் அதில் வளரும் செடிக்கும் போய்ச் சேரும். அமிலத்தால் கழுவி மீண்டும் பயன்படுத்துகிறவர்கள், கழுவிய நீரில் உலோகம் செறிந்திருப்பதால் அதைச் சாக்கடையில் விடாமல், ஆபத்தான கழிவுக்குரிய முறையில் ஒப்படைக்க வேண்டும்.