ரோட்ஸ்டருக்குப் பதிலாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், ஆசையாக ஓட்டிய மாஸ்டா எம்எக்ஸ்-5 ரோட்ஸ்டரை, அதாவது கூரை திறக்கும் இருவர் காரை, விட்டுவிட்டு அடுத்த காரைத் தேடுகிறீர்களா? டொயோட்டா 86ஐ முதலில் பாருங்கள். கூரையைத் திறந்து ஓட்டும் சுகம் போய்விடும், அது பெரிய இழப்புதான். ஆனால் அதே பின்சக்கர இயக்கம் உண்டு, மேனுவல் கியரிலும் கிடைக்கும். பின்னால் சின்னப் பிள்ளைகள் உட்காரவும் இடமுண்டு. 2012, 2013இல் தயாரான கார் என்றால் மறக்காமல் ஒன்று கேளுங்கள். இன்ஜினுக்குள் இருக்கும் வால்வு ஸ்பிரிங்கின் கோளாறைச் சரிசெய்ய 2018இல் நிறுவனம் அந்த ஆண்டுகளின் கார்களைத் திரும்ப அழைத்தது. அது இந்தக் காருக்கும் பொருந்துமா, பொருந்தினால் வேலை முடிந்ததற்கு ரசீது இருக்கிறதா, அதன்பின் இன்ஜினில் எண்ணெய்க் கசிவு உண்டா?

அப்புறம், கார் வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை தெரிந்தால் அந்தக் காரே வேண்டாம். செம்பனை லோரிகள் ஓடிக் குழியான சாலையில் தாழ்ந்த கார் அடிவாங்கும், அதனால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காரையும் ஒதுக்கிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்காக புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனம் செய்யும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே இன்ஜினைக் கழற்றிப் பார்ப்பதில்லை. ஈப்போவில் நல்ல மெக்கானிக்கிடம் காரைத் தூக்கி அடிப்பகுதியைக் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள்.